கட்டி வைத்த துறைமுகம்: டோக்கியோ டிஸ்னிசீயில் ஒரு நாள்

துறைமுகம் ஒன்றைப் பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும் என்று சொன்னால் திருகோணமலையில் எவரும் சிரிப்பார்கள். கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது இரு பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், மூதூருக்குப் படகில் போய் வந்த நினைவு இன்னும் மாறாதவர்களுக்கும், நிலத்தைத் தோண்டி நீர் நிரப்பிய ஒரு துறைமுகத்துக்குள் நாள் முழுவதும் நடப்பதற்காக இலங்கைப் பணத்தில் 85,000 ரூபாவுக்கு மேல் கொடுப்பது எளிதில் நியாயம் சொல்லக்கூடிய காரியம் அன்று. ஆயினும் கடந்த டிசெம்பர் விடுமுறையில் அம்மா, கணவர், ஒன்பது வயது மகள், ஜப்பானில் வேலை செய்யும் தம்பி, நான் என ஐந்து பேர் அதைத்தான் செய்தோம். அந்தப் பணம் எதற்குப் போகிறது, எதற்குப் போகத் தேவையில்லை என்பதை இனிப் போகப்போகும் எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயரில் டோக்கியோ இருந்தாலும் டிஸ்னிசீ டோக்கியோ நகரத்துக்குள் இல்லை. அடுத்துள்ள சிபா மாகாணத்தின் உராயசு நகரில், டோக்கியோ விரிகுடாவை மண்ணிட்டு நிரப்பி எடுத்த நிலத்தில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 1983 ஏப்ரல் 15 அன்று திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலாண்ட் இருக்கிறது. டிஸ்னிசீ திறக்கப்பட்டது 2001 செப்டெம்பர் 4 அன்று. இரண்டையும் சொந்தமாக வைத்து நடத்துவது டிஸ்னி நிறுவனம் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் டிஸ்னியிடம் உரிமம் பெற்ற ஓரியன்டல் லாண்ட் என்ற ஜப்பானிய நிறுவனமே நடத்துகிறது. சாதாரண ஒரு நாள் சீட்டில் இரண்டில் ஒன்றுக்குள் மட்டுமே போகலாம். மகள் கோட்டை மாளிகை உள்ள டிஸ்னிலாண்டைக் கேட்டாள். கடலையும் கப்பலையும் பொருளாகக் கொண்டு கட்டிய பூங்கா உலகில் வேறெங்கும் டிஸ்னிக்கு இல்லை என்பதால் நான் இதைக் கேட்டேன். வாக்கெடுப்பில் அம்மாவின் வாக்கு எனக்கு விழுந்தது.

அம்மாவுக்கு வயது 68. அவரைப் பொறுத்தவரை ஜப்பான் என்ற சொல்லின் முதற்பொருள் குண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது அவருடைய தகப்பனார் இளைஞர். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்த கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அதே நாட்டின் கடற்கரையில், கம்பளிச் சட்டையும் குரங்குத் தொப்பியுமாக, எலியின் காது வைத்த தொப்பிகள் விற்கும் கடைக்கு முன்னால் நின்றதை என் கணவர் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. பெரியவர்களுக்கு 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரையும், 4 வயது முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு 4,700 யென்னிலிருந்து 5,600 யென் வரையும் செல்கிறது. நான்கு வயது நிரம்பாதவர்களுக்குச் சீட்டுத் தேவையில்லை. நாங்கள் போன நாட்களில் ஒரு யென் ஏறக்குறைய 2 ரூபாவாக இருந்தது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் விலையும் கூட்டமும் ஒன்றாகவே ஏறும் என்பதால் வார நாள் ஒன்றைத் தெரிவு செய்வதே புத்தி. சீட்டு, வரைபடம், வரிசை நேரம், உணவக முன்பதிவு ஆகிய அனைத்தும் கைத்தொலைபேசிச் செயலியின் வழியாகவே நடைபெறுகின்றன. இங்கேதான் எங்கள் அறியாமை எங்களை வருத்தியது. நரித்தா விமான நிலையத்தில் இறங்கியவுடன் மலிவான உள்ளூர் சிம் அட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் அட்டையைக் கழற்றிப் பணப்பைக்குள் வைத்துவிட்டோம். கடனட்டையால் பணம் செலுத்த முற்பட்டபோது ஊரிலுள்ள வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அந்தக் கழற்றிய அட்டைக்கே போய்ச் சேர்ந்தது. மூன்று தடவை முயன்று, வங்கி எங்கள் அட்டையைத் தற்காலிகமாக நிறுத்தும்வரை அந்த வேடிக்கை நீண்டது. கடைசியில் தம்பியின் ஜப்பானிய அட்டை காப்பாற்றியது. தம்பி இல்லாதவர்கள் ஊரிலேயே சீட்டை வாங்கிவிட்டுப் புறப்படுவது நல்லது. ஊர் சிம் அட்டையைக் கழற்றாமல் வைத்திருப்பது அதைவிட நல்லது.

சிபா நகரில் உள்ள தம்பியின் வீட்டிலிருந்து கேயோ பாதைப் புகையிரதத்தில் மாய்ஹாமா நிலையத்துக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தது. டோக்கியோ நிலையத்திலிருந்து வருபவர்களுக்குப் பயணம் கால் மணித்தியாலமளவுதான். ஆனால் அந்த நிலையத்தில் கேயோ பாதையின் மேடை நிலத்துக்குக் கீழே மிகத் தூரத்தில் உள்ளதால் நடக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாய்ஹாமாவிலிருந்து பூங்கா வாசலுக்கு ஒற்றைத் தண்டவாள இரயில் ஓடுகிறது. அதற்குத் தனிக் கட்டணம். அதன் யன்னல்கள் மிக்கி எலியின் தலை வடிவில் வெட்டப்பட்டவை. கால் வலுவுள்ளவர்கள் நடந்தே போய்விடலாம்.

வாசலைக் கடந்ததும் நீர் வழியும் ஒரு பெரிய பூமி உருண்டை நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு கட்டடத்தின் வளைவுக்குக் கீழே நடந்து வெளிப்படும்போது துறைமுகம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்முன் விரிகிறது: இத்தாலியக் கரையோர நகரத்தின் மாடி வீடுகள், கற்படிகள், நங்கூரமிட்ட படகுகள், எதிர்க்கரையில் ஒரு கோட்டை, கோட்டைக்குப் பின்னால் 51 மீற்றர் உயரமான பிரொமிதியஸ் என்ற எரிமலை. அந்த எரிமலை அவ்வப்போது உறுமித் தீயையும் புகையையும் கக்குகிறது. உள்ளே நுழைபவர் முதலில் எதையும் பார்க்காதபடி மறைத்து, பிறகு ஒரேயடியாகக் காட்டும் இந்த முறை எங்கள் கோயில் கட்டியவர்களுக்கும் தெரிந்ததுதான். கோபுர வாசலின் இருளைக் கடந்த பின்பே உள்வீதியின் வெளிச்சம் புலப்படும். நான் அந்தப் படிகளில் பத்து நிமிடம் நின்றேன். சுவரின் காரை உதிர்ந்திருப்பதும், இரும்புக் கம்பியின் துரு கீழே வழிந்து கறையாகியிருப்பதும், கடற்காற்று பட்ட மரத்தின் நரைப்பும் எல்லாம் வண்ணம் தீட்டுபவரின் கைவேலை என்று தெரிந்தபோதும், விரலால் தொட்டுப் பார்க்காமல் நகர முடியவில்லை. உண்மையான உப்புக்காற்றில் துருப்பிடித்த கதவுகளோடு வாழ்பவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: துருவைச் சரியாகவே பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் குறை. மீன் வாடை இல்லாத துறைமுகத்தை மூக்கு நம்ப மறுக்கிறது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிற்பதில்லை. வாசல் திறந்ததும் சவாரிகளை நோக்கி விரைந்த கூட்டத்தோடு தம்பியும் மகளும் பூமியின் மையத்துக்குப் போகும் எரிமலைச் சவாரிக்கு ஓடினார்கள். 117 சென்றிமீற்றர் உயரம் இருந்தால்தான் அதில் ஏறலாம்; மகள் அதைத் தாண்டிவிட்டாள் என்பதில் அவளுக்குப் பெருமை. மலைக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, இறுதியில் எரிமலைப் பூதத்தின் முன்னால் நின்று, மணிக்கு 75 கிலோமீற்றர் வேகத்தில் மேலே பாய்ந்து மலைக்கு வெளியே வந்து விழுவது போல இறங்குகிறது. முக்கால் மணித்தியாலம் நின்று சில நிமிடம் போவது தகுமா என்று கேட்டேன். திரும்பவும் நிற்கலாமா என்று மகள் கேட்டதே மறுமொழி.

அம்மாவும் நானும் அந்த நேரத்தில் கோட்டைக்குள் இருந்தோம். இந்தப் பூங்காவைப் பற்றிப் பேசுபவர்கள் போதிய அளவு சொல்லாத பகுதி இதுதான். நாடு கண்டுபிடிக்கப் புறப்பட்ட காலத்து ஐரோப்பியக் கோட்டை ஒன்றைக் கட்டி, பக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பலையும் நிறுத்தியிருக்கிறார்கள். வரிசை கிடையாது, நேர வரையறை கிடையாது. பூமி சுழல்வதைக் காட்டும் பூக்கோவின் ஊசல் ஒரு அறையில் ஆடிக்கொண்டிருக்கிறது. இன்னோர் அறையில் கோள்களைச் சுற்றிவிட்டுப் பார்க்கலாம். லியனார்டோ வரைந்தது போன்ற பறக்கும் பொறி ஒன்று வெளியே நிற்கிறது. பீரங்கிகள், குறுகிய படிக்கட்டுகள், கடலை நோக்கிய துவாரங்கள் எல்லாம் எங்களுக்குப் பழகியவையே. அம்மா மதிலில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டு, "கோட்டையெல்லாம் வடிவாத்தான் கட்டியிருக்கிறாங்கள். ஒரு மான் கூட இல்லையே" என்றார். எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மான் இல்லாத கோட்டை முடிவு பெறாத கோட்டைதான்.

ஆனால் எனக்கு அந்தக் கோட்டையில் வேறொரு முரண் உறுத்தியது. எங்கள் கோட்டையை 1620களில் கட்டிய போர்த்துக்கேயர் அதற்கு முன் இடித்தது கோணேசர் கோயிலை. இடித்த கோயிலின் கற்கள் கோட்டைக்குள் போயின. கோட்டை வாசலில் இன்றும் தமிழ்க் கல்வெட்டையும் மீன் சின்னத்தையும் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கடலோடிகளை இங்கே வெறும் அறிவுத் தாகமும் துணிவும் கொண்ட மனிதர்களாக மட்டும் காட்டும்போது, எதிர்க்கரையில் நின்று அவர்கள் வருவதைப் பார்த்தவர்களின் பேத்தி என்ற நினைவு வராமல் போகாது. விளையாட்டுப் பூங்காவிடம் வரலாற்றுப் பாடம் கேட்பது சரியில்லை என்றார் என் கணவர். பூங்காவே அந்தக் கேள்விக்கு ஓரளவு மறுமொழி வைத்திருக்கிறது என்பது பிற்பகலில்தான் தெரிந்தது.

அமெரிக்கத் துறைமுகப் பகுதியில், கொலம்பியா என்ற பெரிய பயணக் கப்பலின் அருகே, 2006இல் திறக்கப்பட்ட 'பயங்கரக் கோபுரம்' என்ற சவாரி உயர்ந்து நிற்கிறது. அதன் கதைப்படி ஹரிசன் ஹைட்டவர் என்ற பணக்காரர் உலகமெங்கும் அலைந்து கோயில்களிலும் கிராமங்களிலும் இருந்து அரும்பொருட்களைக் கவர்ந்து வந்து தன் விடுதியை நிரப்புகிறார். ஆபிரிக்காவிலிருந்து பறித்து வந்த ஒரு சிலையை இழிவுபடுத்தி மின்தூக்கியில் ஏறியவர், 1899ஆம் ஆண்டின் கடைசி இரவில் மறைந்துபோகிறார். வரிசையில் நிற்கும்போதே அவர் ஒவ்வொரு நாட்டிலும் சூறையாடுவதை வண்ணக் கண்ணாடி யன்னல்களில் காட்டுகிறார்கள். மின்தூக்கி இருளில் மேலேறி, சிலையின் கண்கள் ஒளிர்ந்த பிறகு, எல்லோரையும் கீழே விழவைக்கிறது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்த ஊரிலிருந்து போனவளுக்கு, களவெடுத்த சிலை களவெடுத்தவனைத் தண்டிக்கும் இந்தக் கதை கோட்டையின் கதையைவிட நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை. விழும் சவாரிகள் எனக்கு ஒத்துவராதவை. இருந்தும் பயந்த அந்தச் சில விநாடிகளுக்காகவன்று, வரிசையில் பார்த்த யன்னல்களுக்காக இதைப் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு படகுச் சவாரி. அராபியக் கரை என்ற பகுதியின் ஓரத்தில் சிந்துபாத்தின் பயணங்களைக் காட்டும் அரங்கம் இருக்கிறது. மற்றவற்றின் முன்னால் ஒன்றரை, இரண்டு மணித்தியால வரிசை நிற்கும் வேளையிலும் இங்கே ஐந்து நிமிடத்தில் படகில் ஏறிவிட்டோம். 2001இல் திறந்தபோது வேறு பெயரும் சற்று அச்சமூட்டும் தோற்றமும் கொண்டிருந்த இதை 2007இல் மென்மையாக மாற்றி, சிந்துபாத்துக்குச் சந்து என்ற புலிக்குட்டியைத் துணையாகச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவிலுள்ள ஒரு பூனைக்கும் அதே பெயர் என்பதால் மகள் படகு முழுவதும் கேட்கச் சிரித்தாள். ஏறக்குறைய பத்து நிமிடம் படகு மெல்ல மிதந்து செல்ல, இரு கரையிலும் அசைந்து பாடும் நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைகள்: பிரமாண்டமான ருக் பறவையும் குஞ்சுகளும், கட்டப்பட்ட அரக்கனை விடுவிக்கும் சிந்துபாத், வாழைப்பழ மலையில் குரங்குகள், வாய் பிளந்த திமிங்கிலம். குரங்குகளின் இடத்தைக் கடக்கும்போது உண்மையிலேயே வாழைப்பழம் மணக்கிறது. பாட்டு ஜப்பானிய மொழியில். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் கதை முழுவதும் விளங்கிற்று.

ஆயிரத்தொரு இரவுகளில் சிந்துபாத்தின் ஆறாவது பயணம் முடியும் கரை செரண்டிப், அதாவது எங்கள் தீவு. ஆற்றோடு ஓடும் தெப்பத்தில் மயங்கிக் கிடந்தவனை அங்குள்ள மக்கள் கரை சேர்த்து உணவு கொடுத்து, அரசனிடம் அழைத்துப் போனார்கள் என்பது கதை. படகில் அந்தக் கரையை நான் தேடினேன். அதன் பெயர் எங்கும் வரவில்லை. ஆனாலும் மகளுக்கு அதைச் சொன்னபோது, உடனே இன்னொரு தடவை ஏறி, எந்தக் கரை எங்களுடையதாக இருக்கலாம் என்று அவளே தெரிவு செய்துகொண்டாள். ஒரு நாளில் மூன்று தடவை அதில் போனோம்.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அம்மா சைவம். ஜப்பானில் மரக்கறிபோலத் தோன்றும் பலவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால் தம்பி விடியற்காலையில் ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து பொதி கட்டியிருந்தான். வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் வைத்து உண்ண அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே அதற்கென்று மேசைகள் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. நண்பகலில் வெளியே போய் உண்டுவிட்டு அதே சீட்டோடு திரும்பி வந்தோம். சைவ உணவு உண்பவர்கள் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிவு ஏராளம். அராபியக் கரையிலுள்ள கஸ்பா உணவுக்கூடத்தில் கறியும் நாணும் சோறும் கிடைக்கின்றன. கறி இனிப்புக் கலந்த ஜப்பானியச் சுவையோடு இருப்பதால், மிளகாய்த்தூளோடு வளர்ந்த நாவுக்கு அது குழந்தைக்கு ஊட்டும் கறிபோலத் தோன்றும். எரிமலைத் தீவில் விற்கும், இறைச்சிக் கலவை வைத்து அவித்த நீளமான பணிசைக் கணவர் மிகவும் புகழ்ந்தார். அதில் பன்றி இறைச்சி இருக்கிறது என்பதை எங்கள் முஸ்லிம் நண்பர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். இடத்துக்கு இடம் சுவை மாறும் சோளப்பொரி வண்டிகளில் கறிச்சுவையுள்ளதைக் கண்டுபிடித்த பிறகு மகளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

புதிய பகுதியான ஃபான்டசி ஸ்பிரிங்ஸைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஏறக்குறைய 320 பில்லியன் யென் செலவில் கட்டப்பட்டு 2024 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. பாறையில் செதுக்கிய உருவங்களுக்கிடையே நீரூற்றுகள் வழியும் வாசல், அதற்குள் டிஸ்னிப் படங்களில் வரும் எல்சாவின் பனிநாடு, ரப்புன்சலின் கோபுரம், பீட்டர் பானின் தீவு. அற்புத ஊற்று என்று எங்கள் ஊராரிடம் சொன்னால் இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி உண்டாக்கினான் என்ற கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் நினைவுக்கு வரும். அம்மாவும் இந்த நீர் சுடுமா என்றுதான் முதலில் கேட்டார். கைவேலை இங்கே உச்சத்தில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. எல்சாவின் படகுச் சவாரியில் பொம்மைகளின் முகம் உயிருள்ள முகம்போல அசைகிறது. ஆனால் பூங்காவின் மிக நீண்ட வரிசைகளும் இங்கேதான். காத்திருக்க விரும்பாதவர்கள் செயலியில் பணம் கட்டிக் குறுக்கு வரிசையில் போகலாம். சவாரியைப் பொறுத்து ஆளொன்றுக்கு 1,500 யென்னிலிருந்து 2,500 யென் வரை. ஐந்து பேர் என்றால் ஒரு சவாரிக்கே எங்கள் பணத்தில் 15,000 ரூபாவுக்குக் குறையாது. எல்சாவுக்கு மகளும் நானும் மட்டும் அப்படிப் போனோம். ரப்புன்சலை வெளியிலிருந்து பார்த்துத் திருப்திப்பட்டோம். பணம் கட்டுவதென்றால் நான் ஒன்றுக்குத்தான் கட்டச் சொல்வேன்: 2019இல் திறந்த 'சோரிங்'. கால்கள் தொங்க இருக்கையோடு மேலெழும்பி, பெரிய திரையின் முன்னால் நாடுநாடாகப் பறப்பதுபோன்ற அனுபவம். தாஜ்மஹாலின் மேல் பறந்தபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். ஊரில் புகையிரதத்தில் யன்னலோரம் இருக்கப் பயப்படும் அம்மா இறங்கியபின் சிரித்தார். முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த ஒன்றும், சிந்துபாத்தும், துறைமுகத்தைச் சுற்றி ஓடும் நீராவிப் படகும் போதும்.

அந்தப் படகுக்கு வரிசை குறைவு. அதில் இருந்தபடி ஒவ்வொரு துறையையும் கடந்து போவது கால்களுக்கும் ஆறுதல். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும் பாலத்தில் நின்றால் மதிலுக்கு அப்பால் உண்மையான டோக்கியோ விரிகுடா தெரிகிறது. உள்ளே உள்ள நீரும் வெளியே உள்ள கடலும் ஒன்றே என்று கண் ஒரு கணம் ஏமாறும்படி அந்தக் கரையை அமைத்திருக்கிறார்கள். டிசெம்பர் மாதத்தில் அங்கிருந்து வரும் காற்று எலும்புவரை போகிறது. ஊரில் மாரி மழைக்குக் குடை பிடித்துப் பழகிய நாங்கள் இந்தக் காற்றுக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. கையுறையும் காது மூடும் தொப்பியும் கட்டாயம்.

ஊழியர்களைப் பற்றி ஒரே ஒரு காட்சி. கூட்டிப் பெருக்கும் இளைஞர் ஒருவர் எங்கள் கதிரைக்கு முன்னால் நின்று, துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்து, நான்கைந்து இழுப்பில் தரையில் மிக்கி எலியை வரைந்தார். மகள் கைதட்டினாள். அம்மா எழுந்து போய்க் கோடுகள் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். ஐம்பது வருடமாக விடியற்காலையில் வாசலில் கோலம் போடும் ஒருவர் இன்னொருவரின் கைப்பழக்கத்தை அளப்பது போல இருந்தது அந்தப் பார்வை. சில நிமிடங்களில் காற்று அதைக் காயவைத்துவிட்டது. பூங்கா முழுவதும் ஒரு கடதாசித் துண்டுகூடக் கிடக்கவில்லை என்பதையும், மலசலகூடங்கள் எந்த நேரத்திலும் சுத்தமாக இருந்தன என்பதையும் தனியாக எழுதத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். மொழி மட்டும் தடை. சவாரிகளின் பேச்சு பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். ஆங்கிலம் அறிவிப்புப் பலகைகளிலும் செயலியிலும் கிடைக்கிறது.

டிசெம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. அதன்பிறகு இந்தப் பூங்கா வேறொன்றாகிறது. பகலில் வண்ணப்பூச்சு என்று தெரிந்த சுவர்கள் விளக்கொளியில் கல்லாகவே மாறிவிடுகின்றன. கரையோர யன்னல்களின் மஞ்சள் வெளிச்சமும் கப்பலின் நத்தார் அலங்கார விளக்குகளும் நீரில் நடுங்குகின்றன. துறைமுகத்தில் இரவு நிகழ்ச்சி ஒன்று நடக்கிறது. ஒளியூட்டிய பெரும் மிதவைகள் நீரில் வலம்வர, எதிர்க்கரைக் கட்டடங்கள் முழுவதும் படத்திரையாகின்றன. பலத்த காற்று வீசினால் நிகழ்ச்சி நிறுத்தப்படும் என்பதால் அன்று முழுவதும் தம்பி கொடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நல்ல இடத்துக்குச் செயலியில் பணம் கட்ட முடியும். நாங்கள் அரை மணித்தியாலம் முன்னதாகவே கோட்டைப் பக்கத்து மதிலோரத்தில் போய் நின்றோம், அதுவே போதுமாக இருந்தது. முதல் வெடியோசையில் அம்மா திடுக்கிட்டது உண்மை. பிறகு, "இவங்கள் இப்ப நல்லதுக்கு வெடிக்கிறாங்கள்" என்று யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்.

சவாரிகளை எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு மணித்தியாலத்தில் நாங்கள் ஏறியவை ஒன்பது. அவற்றில் மூன்று சிந்துபாத். சவாரிகளுக்காக மட்டும் போகிறவர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு என் ஆலோசனை, வாசல் திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய் நிற்பதும், முதல் ஓட்டத்தில் ஃபான்டசி ஸ்பிரிங்ஸை முடிப்பதும், செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முன்னுரிமைச் சீட்டுகளை உள்ளே நுழைந்த கணத்திலிருந்து எடுத்துக்கொண்டிருப்பதும் ஆகும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போவதானால் டிஸ்னிலாண்டே பொருத்தம்; இங்குள்ள நல்ல சவாரிகள் சில உயரத்தைக் கேட்கின்றன. மாறாக, நடக்கக்கூடிய பெற்றோரையும் பத்து வயதை எட்டும் பிள்ளையையும் கூட்டிப் போகும் குடும்பத்துக்கு, அதுவும் கப்பலையும் கோட்டையையும் பார்த்துப் பழகிய ஊர்க் குடும்பத்துக்கு, இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். நடக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. அம்மாவுக்கு எடுக்காமல் விட்டது என் தவறு, மறுநாள் முழுவதும் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடைகளில் டஃபி என்ற கரடிப் பொம்மைக்கும் அதன் நண்பர்களுக்கும் வளர்ந்த ஆண்களும் பெண்களும் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வியந்ததோடு விட்டுவிட்டோம். நாங்கள் வாங்கிய ஒரே பொருள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சோளப்பொரி வாளி. தரத்தைப் பற்றிச் சொல்வதானால், மூடி இன்னும் இறுக்கமாக மூடுகிறது, ஊரின் ஈரக்காற்றிலும் உள்ளே உள்ளது நமத்துப்போவதில்லை. இப்போது அது எங்கள் சமையலறைத் தட்டில் இருக்கிறது; அம்மா அதில் வறுத்த கச்சான் போட்டு வைத்திருக்கிறார்.